வீட்டில் முடிவெடுப்பவர்

"இந்த வீட்டில் எந்த டீத்தூள் வாங்குவது என்று முடிவெடுப்பவர் யார்?"

டேப்லெட்டைப் பார்த்து இப்படிக் கேட்டவன் ஒரு சர்வே கம்பெனியின் சூப்பர்வைசர்.

சோபாவில் இருந்த வீட்டுக்காரர், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், தான்தான் என்றார்.

டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டான்.

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு கிரிக்கெட்டுக்கே திரும்பிவிட்டார்.

நாற்காலியில் இருந்த அவருடைய அம்மா, துளசிமணியம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நானுங்க தம்பி. இந்த வீட்டுல அடுப்பு பத்த வெச்ச நாள்ல இருந்து ஒரே டீத்தூளுதான்."

மருமகள் கோகிலவாணி சமையலறை வாசலில் நின்றாள். ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள்.

அங்கேதான் சிக்கல்.

போன வாரம் இதே கேள்விக்கு 'நான்' என்று பதில் சொன்னவள் அவள்தான். அப்படித்தான் நவநீதன் பதிவு செய்திருக்கிறான்.

நவநீதன் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுப்பவன். அவன் உண்மையிலேயே போனானா என்று பார்ப்பது சூப்பர்வைசரின் வேலை. சூப்பர்வைசர் உண்மையிலேயே பார்த்தானா என்று பார்க்கச் சென்னையில் ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்க மும்பையில் ஒருவர்.

நாடு இப்படித்தான் டீ குடிக்கிறது.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. போன மாதம் ஈரோட்டிலேயே ஒருவன், பேக்கரியில் உட்கார்ந்து பப்ஸ் சாப்பிட்டபடி, ஒரு தெரு முழுக்க ஷாம்பு பேட்டி எடுத்ததாகப் போட்டுவிட்டான். அதில் ஒரு கதவிலக்கம் பிள்ளையார் கோயில்.

பிள்ளையாருக்குப் பொடுகுத் தொல்லை இருப்பதாக மும்பை வரை போய்விட்டது.

அதிலிருந்து விதி கறாராகிவிட்டது. மறுபடி கேட்கும்போது பதில் மாறினால் பேட்டி ரத்து. மூன்று பேட்டி ரத்தானால் ஆளே ரத்து.

நவநீதனுக்கு ஏற்கனவே இரண்டு. ஒரு வீட்டில் குடி மாறிவிட்டார்கள். இன்னொரு வீட்டுப் பெரியவர், யாரும் வரவில்லை, என் மகன்கூட வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

இப்போது அவன் தெருமுனையில் நிற்கிறான். உடன் வர அனுமதி இல்லை. அடுத்த மாதம் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டில் 'ஃபீல்டு ஆபீஸர்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டுக்கு வந்ததாக அம்மன் மேல் சத்தியம் செய்தான்.

இந்தத் தொழிலில் போகாதவர்கள்தான் அதிகம் சத்தியம் செய்வார்கள்.

போன வாரம் எங்கள் ஆள் யாராவது வந்தாரா என்று சூப்பர்வைசர் கோகிலவாணியிடம் நேராகக் கேட்டான்.

அவள் மாமியாரைப் பார்த்தாள்.

யாரும் வரவில்லை என்றாள். டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அவன் விரல் டேப்லெட்டின் மேல் நின்றது. பாவம் பார்த்து 'வந்தார்' என்று தொடலாம். தொட்டால் சென்னைக்காரர் இந்த வீட்டுக்கே போன் போடுவார்.

டீ வந்தது.

குடித்துப் பார்க்கச் சொன்னார் துளசிமணியம்மா. வேறு எந்தத் தூளிலும் இந்த மணம் வராதாம்.

குடிக்கும்போதுதான் நவநீதனின் பேட்டியில் இருந்த கடைசிப் பதில் சூப்பர்வைசருக்கு ஞாபகம் வந்தது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு ஊர் உலகமே 'இல்லை' என்றுதான் சொல்லும். கோகிலவாணி சொல்லியிருந்தாள். அத்தையின் டப்பாவில் தீபாவளியிலிருந்து வேறு தூள். அத்தைக்குத் தெரியாது.

இதைப் பேக்கரியில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. அவ்வளவு கற்பனை இருந்தால் நவநீதன் பெண் வீட்டில் கலெக்டர் என்றே சொல்லியிருப்பான்.

ஆக, வந்திருக்கிறான்.

நிரூபிக்க அந்த டப்பாவைத் திறந்தால் போதும்.

கோகிலவாணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

நல்ல மணம் என்றான்.

ஒரு குடும்பம் பிழைத்தது. ஒரு நிச்சயதார்த்தம் போனது.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். துளசிமணியம்மா. வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

அந்தப் பையன் வந்தான் என்றார். அன்றைக்கு அவர் உள் அறையில் படுத்திருந்தாராம். தூங்கவில்லையாம். எல்லாம் காதில் விழுந்ததாம்.

டீத்தூளுமா என்று அவன் கேட்டான்.

டீத்தூளும்தான்.

வந்ததாகவே போட்டுக்கொள்ளச் சொன்னார். சென்னையிலிருந்து போன் வந்தால் தானே எடுத்துச் சொல்வதாகவும் சொன்னார். மருமகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அவன் 'வந்தார்' என்று தொட்டான்.

அடுத்த திரையில் பழைய கேள்வி. முடிவெடுப்பவர் யார்? ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அவன் 'மருமகள்' என்று தொட்டான். துளசிமணியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மறுக்கவில்லை.

கிளம்பியவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பையனையே இன்னொருக்கா அனுப்புங்க கண்ணு. எண்ணெயைப் பத்திக் கேக்கச் சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தார்.

"மத்தியானமா வரச் சொல்லுங்க. நான் தூங்கிட்டு இருப்பேன்."