பார் வாசலுக்கு ஒரு நோட்டீஸ்

"புதுத் தொழில், நோட்டீஸ் போடணும்மா. எழுத்து பெருசா இருக்கட்டும். குடிச்சவன் கண்ணுக்குத் தெரியணும்," என்றார் காத்தமுத்து.

அச்சகத்தில் டிசைன் செய்யும் வினோதினி நிமிர்ந்தாள். "எங்க கொடுப்பீங்க?"

"காரைக்கால்ல எல்லா பார் வாசல்லயும்."

"வேற கடை பாருங்க, பெரியவரே. எங்கப்பா தெனம் குடிச்சிட்டு நெரவிக்கு பைக் ஓட்டிட்டு வர்றாரு. வீடு வந்து சேர்ற வரைக்கும் எங்களுக்கு உசுரில்ல. நீங்க வேற பாருக்கு ஆள் சேர்க்கறீங்களா?"

"என்ன தொழில்னு கேட்டியா நீ? குடிச்சவன் வண்டிய எங்காளு ஓட்டுவான். அவனப் பின்னாடி உட்காரவச்சு வீட்ல விடுவான். எங்காளுங்க குடிக்கறதில்லன்னு அவங்கவங்க பொண்டாட்டிகிட்ட விசாரிச்சுத்தான் சேர்த்திருக்கேன்."

வினோதினி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. நோட்டீஸ் நாளைக்குத்தான் வரும். தொழில இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க, நெரவிக்கு ஒரு ஆளு இருக்காரு."