ஏழாவது பல்

"மாஸ்க்கைக் கழட்டுங்க லா. உங்களைப் பார்த்துப் பிள்ளையும் பயப்படுது," என்றாள் வாசுகி.

"சளி," என்ற ஹேமநாதன் தொப்பியையும் சற்று இறக்கிவிட்டுக்கொண்டான்.

"காலையில மூணு ரொட்டி சானாய் உள்ள போனப்ப அந்தச் சளி எங்க போயிருந்துச்சு?"

ஜோகூரின் தம்போயில் ஒரு பல் கிளினிக்கின் வாசலில், காரை விட்டு இறங்காமலேயே பத்து நிமிடமாக இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பின் இருக்கையில் மகள் லோஷினி. வயது நான்கு. பல்லுக்காகக் கிளினிக் வருவது இதுதான் முதல் தடவை. அவளுடைய கடைவாய்ப் பல்லில் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி.

"பால் பல்தானே வாசு, தானா விழுந்துடும். இல்லன்னா வேற கிளினிக் போலாம்."

"ஒரு வாரமா இதையேதான் சொல்றீங்க. யோகேஸ்வரி மிஸ்ஸி மாதிரி பிள்ளைங்ககிட்ட பொறுமையா இருக்கறவங்க ஜோகூர்லயே கிடையாதாம். உங்களுக்குப் பல் டாக்டர்னா பயம். அதை ஒத்துக்கோங்க, போதும்."

"சரி, பயம்தான். நீங்க ரெண்டு பேரும் போங்க."

"அப்பா மடியிலதான் உக்காருவேன்," என்றாள் லோஷினி. பேச்சு அத்தோடு முடிந்தது.

உள்ளே, கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்: "லோஷினி அனாக் பெரம்புவான் ஹேமநாதன்!" மலாய் வழக்கப்படி மகள் பெயரோடு தகப்பன் பெயரும் கூடம் முழுக்கக் கேட்டது. ஹேமநாதன் தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

யோகேஸ்வரி மிஸ்ஸிக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகளின் பல்லை மட்டுமே பார்க்கும் தாதி. அட்டையை வாங்கிப் பார்த்தார். ஹேமநாதனையும் பார்த்தார். நாற்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டு, முட்டியோடு முட்டி தொட உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் இரண்டு மடியும் சேர்ந்து ஒரு சின்னக் கட்டில் ஆகிவிடும். பிள்ளையின் இடுப்பு அப்பா மடியில், தலை மிஸ்ஸி மடியில். பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மிஸ்ஸிக்கு வாய் நேராகத் தெரியும். ஒரே சிக்கல், பெரியவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியாது.

"பால் பல் விழுந்துடும்தானே மிஸ்ஸி?" என்றான் ஹேமநாதன், கூரையைப் பார்த்தபடி.

"வீட்டு முன்னால நாற்காலியைப் போட்டு பார்க்கிங் பிடிச்சு வைக்கிறோம்ல? பால் பல்லும் அந்த மாதிரிதான். கீழ ஒரு பல்லு வந்துக்கிட்டு இருக்கு, அதுக்கு இடம் பிடிச்சு வைக்குது. நாற்காலியைச் சீக்கிரமா எடுத்துட்டா, பக்கத்துல இருக்கறது நகர்ந்து வந்துடும். அப்புறம் வர்றது கோணிக்கிட்டுத்தான் நிக்கணும்."

லோஷினி படுத்தாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

"இங்க பாரு கண்ணு. மொதல்ல சொல்லுவேன், அப்புறம் காட்டுவேன், கடைசியாத்தான் செய்வேன். சொல்லாம எதையும் வாய்க்குள்ள விடமாட்டேன். இது கண்ணாடி. இதை வெச்சு பல்லை எண்ணப்போறேன். அவ்வளவுதான்."

உதடு அசையவில்லை.

"இன்னைக்குத் திறக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும்," என்றார் மிஸ்ஸி வாசுகியிடம். "மயக்கம் குடுத்துத்தான் பார்ப்பாங்க."

வாசுகியின் முகம் மாறியது.

லோஷினி மூடிய உதட்டின் ஓரத்தால் சொன்னாள்: "அப்பா மொதல்ல."

"நியாயம்தான்," என்றார் மிஸ்ஸி. "யார் வாயிலயாவது காட்டணும்ல? சார், மாஸ்க்."

ஹேமநாதன் வாசலைப் பார்த்தான். பிறகு மடியில் கிடந்த மகளைப் பார்த்தான். மெதுவாக மாஸ்க்கைக் கழற்றி வாயைத் திறந்தான். மேல் வரிசையில், முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒன்று கோணித் திரும்பி நின்றது. மிஸ்ஸி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியை உள்ளே வைத்தார்.

"ஏழு, எட்டு, ஒம்பது..."

லோஷினிக்குப் பொறுக்கவில்லை. "தப்பு! ஒன்னுல இருந்து எண்ணணும்!" என்று கத்தினாள்.

வாய் நன்றாகவே திறந்திருந்தது.

"உனக்கு ஒன்னுல இருந்தே எண்ணுறேன்," என்றார் மிஸ்ஸி, வேறொரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு. இருபது பல். புள்ளி ஆழமாகப் போகவில்லை. சின்னதாக அடைத்தால் போதும். ஆஸ்பத்திரி வேண்டாம், மயக்கமும் வேண்டாம்.

வாசுகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நல்ல தந்திரம் மிஸ்ஸி! தப்பா எண்ணியே வாயைத் திறக்க வெச்சிட்டீங்களே."

"நான் தப்பா எண்ணலம்மா," என்ற யோகேஸ்வரி கையுறையைக் கழற்றி ஆள்காட்டி விரலை நீட்டினார். அதில் வரிசையாகப் பழைய பல் தழும்பு இருந்தது, ஒன்று மட்டும் கோணித் திரும்பி. "ஆறு வரைக்கும் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி சாஆ எஸ்டேட் ஸ்கூலுக்குப் பல் பார்க்கப் போனப்பவே எண்ணிட்டேன். ஏழுக்குப் போறதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் கடிச்சிட்டு ஜன்னல் வழியா ஓடிட்டாரு."