இறங்காத சுகர்

"உண்மையைச் சொல்லிரு. என்னத்தத் தின்ன?"

காரைக்குடியில் சுகர் டாக்டர் சுஹானாவின் அறை. டாக்டர் முன்னாலேயே மனைவியைப் பிடித்துக்கொண்டார் உடையப்பன்.

அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் திங்கலைங்க."

"திங்காமத்தான் முன்னூத்திப் பத்துல நிக்குதாக்கும்?"

கண்புரை ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. சுகர் இறங்காமல் கத்தி வைக்க மாட்டோம் என்று கண் ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வலது கண்ணில் ஆள் நிழலாகத்தான் தெரிகிறது. இடதும் மங்கத் தொடங்கியாயிற்று. உடையப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த மனிதருக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"டாக்டரம்மா, ஸ்டோர் ரூமைப் பூட்டி சாவியை இடுப்புல வச்சிருக்கேன். மாவுருண்டை டின்னைப் பரண்ல ஏத்திட்டேன். அப்பறமும் ஏறுதுன்னா, பக்கத்து வீட்டுல வாங்கித் திங்கிறா. நீங்களே கேளுங்க!"

டாக்டர் கேட்கவில்லை. அனுசுயா பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மறைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்கம்மா. வாயைத் திறங்க."

டார்ச் அடித்துப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"ஈறெல்லாம் சீழ்! இப்படி இருந்தா சுகர் எப்படி லேசுல இறங்கும்? இதனால அது ஏறும், அதனால இது ஆறாது. மாத்திரை மட்டும் போதாது, இன்னைக்கே பல் டாக்டரைப் பாருங்க. எத்தனை மாசமா ரத்தம் வருது?"

"ஆடியிலருந்து."

"ஏழு மாசமாவா! வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா?"

உடையப்பன் சட்டென்று மேஜைமேல் இருந்த மருந்துச் சீட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

சொன்னாள். மூன்று தடவை சொன்னாள். 'வயசானா பல்லு ஆடத்தான் செய்யும்' என்றார் முதலில். அப்புறம், 'ரத்தம் வந்தா பிரஷ்ஷை விட்டுத் தொலை' என்றார். மூன்றாம் தடவை, 'வாய் நாறுது, அங்குட்டுத் திரும்பிப் பேசு' என்றார். அன்றிலிருந்துதான் அவள் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறாள்.

"கேக்குறேன்ல, சொல்லுங்கம்மா."

அனுசுயா நிமிர்ந்து கணவரை நேருக்கு நேர் பார்த்தாள். மானம் போகப்போகிறது என்று அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"சொன்னேன் டாக்டரம்மா. இவுக அன்னைக்கே பல் டாக்டர்கிட்டப் போவோம், வான்னுதான் கூப்பிட்டாக. நாந்தான் பயந்துக்கிட்டுப் போகல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்கு அமையும்? இனிமேலாவது அவர் பேச்சைக் கேளுங்கம்மா."