ஹெல்மெட்டில் ஒட்டிய பொட்டு

"ரயில்ல வர்றவங்களுக்கு ஹெல்மெட் எதுக்குக்கா?" என்று தணிகைவேல் கேட்டதும், ஹேமாவதி அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். ஆள் அகப்பட்டுக்கொண்டாள் என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் கையில் டேப்லெட்டோடு நின்று, வேலைக்கு வருகிறவர்களை இனம் பிரிப்பதுதான் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. சொந்த வண்டியில் வருகிறவர்கள் ஒரு பிரிவு, ரயிலை நம்பி வருகிறவர்கள் ஒரு பிரிவு, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறி வருகிறவர்கள் இன்னொரு பிரிவு. எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஆளேற்ற இங்குள்ள கம்பெனிகள் சேர்ந்து புதிதாக விடப்போகிற பஸ்ஸில் சொந்த வண்டிக்காரர்களுக்கு மட்டும் இடம் கிடையாது.

இது தெரிந்த நாளிலிருந்து ஊரில் ஒருவரிடமும் வண்டி இல்லாமல் போய்விட்டது. பைக் சாவியை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வந்த மகானுபாவரைக்கூட அவன் காலையில் பிடித்திருந்தான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவேன் என்று சொந்த ஊரான திருப்பாச்சூரில் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்கிறவன் அவன்.

ஹேமாவதிக்கு இங்கே ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. எளாவூர் ஸ்டேஷன் வரைக்கும் நடை, பிறகு ரயில், இறங்கினால் ஷேர் ஆட்டோ என்று அவள் வரிசையாகச் சொன்னாள். ரயில் தாமதமானால் கேட்டைச் சாத்திவிடுகிறார்களாம். இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

"பஸ்ஸுல ஒரு சீட்டு கெடச்சா பொழச்சுக்குவேன் சார். கொழந்தைய வச்சிக்கினு நான் வேற எங்க போவேன்?"

இப்படி அழாத குறையாகப் பேசினவர்களையும் அவன் நிறையப் பார்த்தாகிவிட்டது. ஹெல்மெட்டைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

உள்ளே, நெற்றி படுகிற பஞ்சில், சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் பொட்டு இல்லை.

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வண்டியை ஸ்டாண்டில் விட்டு அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறாள், பொட்டும் அதோடு போய்விட்டது. அது தெரியாமல் ரயில் கூட்டத்தோடு கலந்து வந்து நிற்கிறாள்.

"இது நீங்க போட்டுக்கினு வந்ததுதானே? பொட்டே சாட்சி சொல்லுது பாருங்க."

அது அங்கே இருப்பது ஹேமாவதிக்கே அப்போதுதான் தெரிந்தது. தொடப் போன விரலைத் தொடாமலே மடக்கிக்கொண்டாள். "பொட்டு என்னுதுதான் சார்" என்றாள்.

அவளே ஒத்துக்கொண்ட பிறகு பேச என்ன இருக்கிறது? சொந்த வண்டி என்று தட்டிவிட்டான்.

ஹெல்மெட் தன் வீட்டுக்காரருடையது என்று அவள் மெதுவாகச் சொன்னாள். முன்பெல்லாம் அவர்தான் பைக்கில் கொண்டுவந்து கம்பெனி கேட்டில் இறக்கிவிடுவாராம். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில், பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களும் ஹெல்மெட்டோடுதான் கேட்டுக்குள் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் செக்யூரிட்டி விடமாட்டார். அது தணிகைவேலுக்கும் தெரியும். ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி, சொந்த வண்டி சொந்த வண்டிதான் என்று அவன் பிடித்த பிடியிலேயே நின்றான்.

"இப்ப வண்டியும் இல்ல சார். அவரும் இல்ல."

ஆடி மாசம், அவளைக் கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும்போது, எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லாரி இடித்துவிட்டதாம். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, தலையில் பட்ட அடிதான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்றாள். அழவில்லை. அழுது ஓய்ந்த குரலாக இருந்தது.

தணிகைவேலுக்குக் காலையிலிருந்த மிடுக்கெல்லாம் வடிந்துபோனது. ஏன்தான் இந்த வேலைக்கு வந்தோமோ என்று இருந்தது. தட்டினதை அழித்துவிட்டு, ரயிலில் வருகிறவர்கள் பிரிவில் அவள் பெயரைச் சேர்த்தான். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினான்.

வண்டியே இல்லாதபோது இதை ஏன் சுமந்துகொண்டு வருகிறாள் என்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. கேட்டான்.

"எங்க லைன்ல கல்பனான்னு ஒரு பொண்ணு. அவ ஊட்டுக்காரரு டெய்லி அவள கேட்டுல உட்டுட்டு வெறுந்தலையோட திரும்பிப் போறாரு. அவருக்குக் குடுக்கலாம்னு எடுத்துக்கினு வந்தேன்."

அவன் தயங்கினான். சாகும்போது ஒருத்தர் போட்டிருந்ததை இன்னொருத்தர் போட்டுக்கொள்ள யோசிப்பார்களே என்று, அவள் மனம் நோகாதபடி சொல்லிப் பார்த்தான்.

ஹேமாவதி பஞ்சிலிருந்த பொட்டை நகத்தால் மெல்ல உரித்து எடுத்தாள்.

"அன்னிக்கு இது அவரு தலையில இல்ல சார். என் தலையில இருந்துச்சு."