பத்தாத வேகம்

பக்கத்து நாட்டு ராணுவம் வெளிநாட்டு ஆட்களுக்கென்று வைத்த ஓட்டத் தேர்வில் முதலாவதாக வந்தவன், அம்மாவோடு நேரே பயிற்சியாளரின் வீட்டுக்கு வந்தான்.

"எல்லாம் உங்களாலதான் மாஸ்டர். ஒரு நாளாவது பரவால்லன்னு சொன்னீங்களா? தினமும் கடிகாரத்த நீட்டி, இந்த வேகம் பத்தாதுடான்னீங்க. அந்த ரோஷத்துல வெறி பிடிச்ச மாதிரி ஓடினேன். அடுத்த வாரமே போர்முனைக்கு அனுப்பறாங்க."

அவன் கொடுத்த இனிப்பை மாஸ்டர் அப்படியே மேசைமேல் வைத்தார்.

அவன் வண்டியை எடுக்கப் போனதும் அம்மா மெல்லக் கேட்டாள்.

"நான் கெஞ்சினபடி, விசிலுக்கு முன்னாடியே கடிகாரத்த ஓடவிட்டு நேரத்தக் கூட்டித்தானே காட்டினீங்க? வெறுத்துப்போய் விட்டுடுவான்னுதானே கேட்டேன்."

"காட்டினேம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ள நேரத்த உள்ளபடி சொல்லியிருந்தா, பழைய வேகத்துலயே ஓடித் தோத்திருப்பான்."