புள்ளி கிடையாது

‘இன்று முதல் இந்த அலுவலகத்தில் புள்ளி கிடையாது.’

நோட்டீஸ் போர்டில் அதைப் படித்ததும் புள்ளிக்குத் தலை சுற்றியது. ஆபீஸில் சம்பளக் கணக்கு எழுதும் அவர் பெயரே அதுதான். எந்தக் கணக்கையும் புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம் வரை போட்டே தீருவார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் யாரோ விளையாட்டாகக் கூப்பிட, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

“என்னை வேலைய விட்டே தூக்கிட்டாங்களாய்யா?” என்றார் வாட்ச்மேனிடம்.

“முழுசாப் படிங்க சார்.”

இனி எல்லாக் கணக்கும் முழு எண்ணில்தான். அரைக்குக் கீழே இருந்தால் பூஜ்யம். அரையோ, அதற்கு மேலோ இருந்தால் ஒன்று. அடியில் புது மேனேஜரின் கையெழுத்து.

அன்றைக்கே கூத்து ஆரம்பித்தது.

அரை நாள் வேலைக்கு வரும் தோட்டக்காரர் பதிவேட்டில் இதுவரை 0.5 ஆள். இப்போது ஒன்று. “நான் முழு ஆளாயிட்டேன் சார்!” என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக் கை குலுக்கினார்.

புள்ளிக்கு வயிறு எரிந்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

“சார், இங்க மூணு பேருக்கு ஒரு டேபிள். ஆளுக்குப் புள்ளி மூணு மூணு மூணு. உங்க சட்டப்படி பாத்தா யாருக்குமே டேபிள் கிடையாது!”

ஆளை மடக்கிவிட்ட பெருமையோடு நின்றார்.

மேனேஜர் கண்ணை மூடி யோசித்தார். “கரெக்ட். எல்லாத்தையும் எடுத்து வராந்தாவுல போடச் சொல்லுங்க.”

அன்றிலிருந்து ஆபீஸே மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு எழுதியது. டைப்ரைட்டர் ஒரு ஸ்டூலில் ஏறியது.

அதைக்கூடப் புள்ளி பொறுத்துக்கொண்டார். லீவுக் கணக்கைத்தான் தாங்க முடியவில்லை.

டைப்பிஸ்ட் அம்மா வாரத்தில் இரண்டு நாள், மூன்று மணி நேரம் வெளியே போய்விட்டு வருவார். எட்டு மணி நேர வேலையில் அது 0.375 நாள். லீவெல்லாம் தீர்ந்துபோனதால், போன தடவை வரைக்கும் துளி பிசகாமல் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார் புள்ளி. இப்போது அது பூஜ்யம். அந்த அம்மா போனதாகவே கணக்கில்லை!

“இது அநியாயம் சார்!”

“சட்டம்னா சட்டம்தான்,” என்றார் மேனேஜர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கம் புகார் எழுதிப் போட்டார் புள்ளி. டைப்பிஸ்ட் அம்மாவை ‘ஊழியர் ஒருவர்’ என்றுதான் எழுதினார்; அடியில் தன் பெயரையும் போடவில்லை. பெயரைப் போட்டால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடுமே!

பத்தாம் நாள் பெரிய அதிகாரி வருவதாக, புகாரின் நகலோடு மேனேஜருக்குத் தகவல் வந்தது. காலையிலேயே மேனேஜர் புள்ளியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்த ஊழியர் யாருன்னு அவர் கேப்பார். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். டைப்பிஸ்ட் அம்மாவோட வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரில மெஷின் வெச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். கூட இருக்க வேற ஆள் இல்ல. நீங்க பிடிச்சது போக மிச்சம் மருந்துக்கே பத்தல.”

புள்ளி ஒரு அடி முன்னால் வந்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா?”

புள்ளி யோசித்துப் பார்த்தார். அப்போதும் சம்பளத்தில் பிடித்துத்தான் இருப்பார்.

“நான் கண்டுக்காம விட்டுடறேன்னு சொன்னேன். தனிச் சலுகை வேண்டாம், வீட்டு விஷயம் யாருக்கும் தெரியவும் வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதான் எல்லாருக்கும் சேத்து ஒரு பைத்தியக்காரச் சட்டம் போட்டேன். டேபிளுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்திருந்தா, லீவுக்கு ஏன் குடுக்கலன்னு மறுநாளே நீங்க வந்து நின்னிருப்பீங்க. உங்ககிட்ட மறைக்கத்தான் இவ்வளவும். இனிமே உங்க இஷ்டம்.”

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். மேஜையில்லாத ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

“இதை எழுதினது யாரு?”

“நான்தான் சார்,” என்று எழுந்தார் புள்ளி.

“வாரத்துல ரெண்டு நாள், மூணு மணி நேரம் காணாமப் போற அந்த ஊழியர் யாரு? பேரைச் சொல்லுங்க.”

டைப் அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதுவும் நான்தான் சார்.”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க மேல நீங்களே புகார் எழுதினீங்களா? நாலு பக்கம்?”

“ஆமா சார்.”

“‘மனசாட்சியே இல்லாத ஆள்’னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்களேய்யா. உங்களைப் பத்தியா?”

“ஆமா சார்,” என்றார் புள்ளி. “அதுல மட்டும் ஒரு தப்பும் இல்ல.”