கல்லுக்குக் கட்டிய பரிவட்டம்

உக்கிரபாண்டி ஓடையின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கணுக்கால் வரை தண்ணீர். ஓடையை மூடக் கூடாது என்று அரசாங்கம் நட்ட எல்லைக் கல்லை நேற்று யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அதை நிமிர்த்தி முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டார். கரையில் மண் லாரி உறுமியது.

"பெரியவரே, எந்திரிங்க. மண்டபம் கட்டணும்னு உங்க மகன்தான் மண்ணு கொட்டச் சொன்னாரு," என்றார் டிரைவர்.

"தெரியும்யா. அவன் மேல கலெக்டர்கிட்ட மனுக் கொடுத்ததே நான்தான்."

மகன் தவசி ஓடி வந்தான். "அப்பா, ஊரே பாக்குது. குடும்ப மானம் போகுது."

கண்மாய் நிறையும் ஆண்டெல்லாம் ஊர் முதல் பரிவட்டத்தை உக்கிரபாண்டியின் தலையில்தான் கட்டும். உடைந்த கரையை அவர் பாட்டன் அடைத்ததற்கான மரியாதை அது. அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோவது இந்த ஓடைதான்.

"மானமா?" இடுப்பில் செருகியிருந்த பரிவட்டத் துணியை உருவி, கல்லின் தலையில் இறுக்கிக் கட்டினார். "இனிமே நம்ம வீட்டுக்கு மூத்தவரு இவருதான். கொட்டணும்னா இவரு தலையில கொட்டச் சொல்லு."

லாரி உறுமிக்கொண்டே இருந்தது. கீழே இறங்கிய டிரைவர், தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார்.